மேம்பாலத்தில் நிறுத்தாத கார்

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கனமழை என்று டிவியில் சொன்னால், பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்குவதற்கு முன்னால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவோம். ஏரி நிரம்பினால் தண்ணீர் நேராக எங்கள் வாசலுக்குத்தான் வரும். வானம் கறுத்ததுமே பாலத்தின் மேல் வண்டிகள் வரிசை கட்டிவிடும். போலீஸ்காரர் வந்து சத்தம் போடுவார். கொஞ்ச நேரத்தில் அவரும் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்.

அந்தக் கார்த்திகை மழையின்போது என் மனைவி மகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து நாலு தடவை போன் செய்தாள். "வண்டியை எடுத்துட்டீங்களா?" எனக்கு ஒரு விஷயத்தை இரண்டாம் முறை யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். இது பெரிய குணம் ஒன்றும் இல்லை, வெறும் திமிர். "இதோ கிளம்பிட்டேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வேண்டுமென்றே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நான் போனபோது பாலத்தில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. திரும்பி வந்து வாசலிலேயே காரை நிறுத்தினேன். நாலாவது போன் வந்தது. "பாலத்துல விட்டாச்சு, போதுமா? வை போனை" என்றேன்.

கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர். தெருவில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருந்ததால் பார்க்க ஆளில்லை. வடிந்ததும் கார் கழுவும் ஒரு கடையில் கொடுத்து, சீட்டையெல்லாம் கழற்றிக் காயவைத்து, கழுவித் துடைத்து வாங்கிவந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. மனைவி திரும்பி வந்தபோது உள்ளே பெர்ஃப்யூம் வாசனை அடித்தது. "பரவாயில்லையே, நான் இல்லாதப்போ இவ்வளவு அக்கறையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கார் உண்மையில் அவளுடையது மாதிரிதான். நான் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவன். அவள் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளும் அங்கேயே நாலாவது படித்தாள். தினமும் அவர்கள் இரண்டு பேரும்தான் அதில் போய்வந்தார்கள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அவள் சொன்னாள். "ஸ்டீயரிங் என்னவோ மாதிரி இருக்குங்க. திருப்பினா திருப்பின இடத்துலயே நிக்குது. நானே இழுத்து நேராக்க வேண்டியிருக்கு."

கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வளைவு முடிந்ததும் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஸ்டீயரிங் தானாகவே நேருக்கு வந்துவிடும். வராவிட்டால், நேரான ரோட்டில் கார் இன்னும் வளைந்துகொண்டே போகும். அவள் சொன்ன அந்த நொடியில் வாசலில் நின்ற தண்ணீர் அப்படியே கண் முன்னால் வந்தது. அதனாலேயே சத்தமாகக் கத்தினேன்.

"நீ ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சிருப்பே. லூசா விடு, அதுவே வரும்."

"வரலைங்க."

"வரும்னு சொல்றேன்ல?"

மூன்று வாரம் இதே பேச்சு. ஒருநாள்கூட நான் வண்டியை எடுத்து ஓட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அவள் நம்பரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், "வீட்டுக்கு வந்தாச்சு" என்ற மெசேஜ் வரும்வரை எனக்கு வேலை ஓடாது. இவ்வளவு பயந்தவன் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை.

கடைசியில் அவளே பிடிவாதமாக என்னையும் இழுத்துக்கொண்டு சேலையூர் மெக்கானிக்கிடம் போனாள். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"அக்கா சொல்றது கரெக்ட்டு சார். டைட்டா கீது, திரும்பி வரமாட்டேங்குது. இன்னா சார், மழையில வண்டி தண்ணில நின்னுச்சா?"

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சேச்சே, அதெல்லாம் இல்லைங்கண்ணா. இவர் முன்னாடியே கொண்டுபோய்ப் பாலத்துல விட்டுட்டார்." பெருமையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டயரில் காற்று பார்த்தார், முன் சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரி செய்தார், கீழே படுத்துத் தட்டிப் பார்த்தார். "அலைன்மென்ட் கொஞ்சம் அவுட்டு, பண்ணிட்டேன். ஆனா எனக்கு மனசு ஒப்பல சார். மறுபடி அதே மாரி இருந்துச்சுன்னா ஓட்டாதீங்க, போன் போடுங்க" என்றார். தண்ணீர் இல்லை என்று சொன்ன பிறகு அவர் வேறு எங்கே தேடுவார், பாவம்.

அதன் பிறகு அவள் ஸ்டீயரிங் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பள்ளியில் ஏதோ விழா. நானும் கூடப் போனேன். அவள் ஓட்டினாள், மகள் பின் சீட்டில். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு இடது திருப்பம். ஓரத்தில் இளநீர் வண்டி. அதன் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இளநீருக்குக் காத்துக்கொண்டிருந்தாள். திருப்பம் முடிந்துவிட்டது, ஆனால் கார் முடிக்கவில்லை. இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஸ்டீயரிங்கை வலது பக்கம் இழுத்தாள். அந்தப் பெண்ணின் புடவை என் ஜன்னலை உரசிக்கொண்டு போனது. இளநீர்க்காரர் அரிவாளோடு பின்னால் துள்ளினார்.

கொஞ்ச தூரம் தள்ளி ஓரங்கட்டினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னாலிருந்து மகள் சாதாரணமாகச் சொன்னாள். "இந்தத் திருப்பம் வந்தாலே நான் கண்ணை மூடிப்பேன்ப்பா. அம்மாதான் மூடிக்கச் சொல்லுவாங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் வராமல்தான் போனில் சொன்னேன். "அண்ணா, நீங்க கேட்டது சரிதான். வண்டி தண்ணியில நின்னுச்சு. ரெண்டு நாள். நான் பாலத்துல விடலை."

அவள் திரும்பவே இல்லை. கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தாள். நான் போனை வைத்த பிறகு சொன்னாள்.

"அந்தண்ணா கேட்டப்போ நான்தாங்க உங்களுக்காகப் பதில் சொன்னேன்."

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயமா இல்லையா?" என்றாள். "மூணு வாரமா எனக்குதான் ஓட்டத் தெரியலைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

மெக்கானிக் வந்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். இந்த முறை எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பினார். சுலபமாகத் திரும்பியது. "பார்த்தீங்களா, கீழ ஒன்னும் பிரச்சனை இல்ல. மேலதான் கீது" என்று டிரைவரின் கால் வைக்கும் இடத்துக்குள் தலையை விட்டு, அந்த ராடில் இருந்த ஜாயிண்ட்டை எடுத்து வெளியே காட்டினார். மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் மடங்கவேண்டிய சாமான். துருப்பிடித்து, அவர் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கொஞ்சம் மடங்கியது. மடங்கியது அப்படியே நின்றது.

"தண்ணி உள்ள பூந்து துரு ஏறிக்குச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா மொத்தமா புட்ச்சிக்கும் சார். அப்பால அக்கா எம்மாம் இழுத்தாலும் வராது."

அவர் அதை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாளில் புது ஜாயிண்ட் வந்தது. மாட்டி முடித்ததும் நானே முதலில் ஓட்டிப் பார்த்தேன். நாலு வளைவு, இடது, வலது. ஒவ்வொன்றிலும் கையைத் தளர்த்தினேன், ஸ்டீயரிங் தானாகவே நேருக்கு வந்தது.

பிறகு அவள் ஏறினாள். கடை வாசலிலிருந்து முதல் திருப்பத்தில் பழக்கதோஷத்தில் முழு பலத்தோடு இழுத்துவிட்டாள். லேசாகிவிட்ட ஸ்டீயரிங் அவள் இழுத்த பக்கமே ஓடி, கார் ரோட்டின் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. சடாரென்று பிரேக் போட்டு நிறுத்தினாள். ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தேன். அவள் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தன.

"பயப்படாதே, சரியாயிடுச்சு. நானே ஓட்டிப் பார்த்துட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி, பின்னால் வந்துகொண்டிருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. சரியாயிடுச்சா? குழந்தையை ஏத்திக்கலாமா?"

அவர் சங்கடத்தோடு ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். "தாராளமா ஏத்திக்கோங்க அக்கா" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள்.