குணத்தின் பட்டன் கத்தி

கார்ப்பெட் சுருள்களைச் சுற்றிவரும் சாக்கின் மணம்... இன்றைக்கும் நினைத்தால் மூக்குக்குள் ஏறுகிறது. கூடவே பசை வாடையும், நிற்காத தும்மலும்.

எழுபதுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கார்ப்பெட் வெயார்ஹவுஸில் நானும் என் நண்பன் குணமும் வேலை செய்தோம். ஒரே அப்பார்ட்மெண்ட், ஒரே பஸ். குணம் கொழும்பில் கட்டடப் படம் கீறியவன். இங்கே வந்து சுருள் தூக்கினான்.

பின்னேரம் வீட்டில் பிரவுண் பேப்பரை விரித்து வைத்துக் கோடு கீறிப் பழகுவான்.

“விட்டால் கை மறந்துபோகும், மச்சான்.”

எங்கள் வேலைக்கு மடக்குக் கத்தி இல்லாமல் முடியாது. நைலோன் கயிறு, தடித்த சாக்கு எல்லாம் அறுக்க வேண்டும். என்னுடையது இரண்டு கையாலும் திறக்கிற சாதாரணக் கத்தி. அலகு தடிப்பு. குணம் லஞ்ச் ரூமில் யாரிடமோ ஒரு பட்டன் கத்தி வாங்கினான். அழுத்தினால் தானே திறக்கும். இந்த நாட்டில் அது சட்டப்படி வைத்திருக்கக்கூடாத சாமான் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

“உதுக்குள்ள தூசு போனா லொக் நிக்காது” என்றேன்.

“ஒரு கையால சுருளைப் பிடிச்சுக்கொண்டு உன்ரையை எப்பிடித் திறக்கிறது?” என்று சிரித்தான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சில மாதத்தில் அவன் கத்தியின் அலகு ஆடத் தொடங்கியது. பாரமான வெட்டுக்கு என்னுடையதைக் கேட்டு வாங்குவான்.

அந்த வெள்ளிக்கிழமை...

அடுத்த செவ்வாய் அவனுக்கு ஒரு கட்டடப் பிளான் ஒபிஸில் இன்டர்வியூ. அங்கேயே இருந்து கீறிக் காட்ட வேண்டும். காலையிலிருந்து அதே கதைதான்.

மத்தியானம் ஒரு சுருள் அடுக்கிலிருந்து சரிந்து கயிற்றில் தொங்கியது. கயிற்றை அறுத்தால்தான் கீழே இறக்கலாம். குணம் தோளாலும் இடது கையாலும் முட்டுக்கொடுத்துக்கொண்டு வலது கையை நீட்டினான்.

“உன்ரை கத்தியைத் தா.”

நான் திறந்து, பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்தேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீடுகளில் கீழே வைத்துத்தான் எடுப்போம். யோசித்துச் செய்யவில்லை. கை பழகியபடி செய்தது.

அவனுக்கு எட்டவில்லை. “சரி விடு, மச்சான்” என்று தன்னுடையதை எடுத்தான். நான் திரும்ப எடுத்து நீட்டுவதற்குள் அவன் கத்தியின் அலகு கயிற்றில் சிக்கியது. இழுத்தான். பூட்டு விட்டு, அலகு அவன் விரல்களின் மேலேயே மடிந்தது.

வலது கை. இரண்டு விரலின் நரம்பு போய்விட்டது. தைத்தார்கள், ஆறியது, ஆனால் அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் கட்டோடு கட்டிலில் இருந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

“கத்தி பழுது, மச்சான். நீ சொன்னனிதானே” என்றான்.

அதைத்தான் எல்லோரிடமும் சொன்னான். பெட்டியின் மேல் வைத்த என் கத்தியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பென்ஷன் எடுக்கும்வரை வெயார்ஹவுஸ்களிலேயே இருந்தான்.

இப்போது ஒரு கையாலேயே திறந்து, இறுக்கிப் பூட்டுகிற நல்ல கத்திகள் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் வீடுகளுக்குத் தளம் போடும் என் மருமகன் போன கிழமை, எதை வாங்கலாம் என்று கேட்டான். பூட்டைப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

குணம் போய் இரண்டு வருடம். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட “என்னாலதான்” என்று நான் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் இல்லையென்று மறுத்து என்னைத் தேற்றுவான். வெட்டுப்பட்டவனிடமே ஆறுதல் வாங்க வெட்கமாக இருந்தது...

இப்போது சொல்வதற்கு அவன் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.