மாமனார் காலுக்கு ஒரு பிளசர்

ஒரு காரைத் தேர்ந்தெடுப்பதற்காக நான் மூன்று வருஷம் படித்தேன். முடிவில் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். இந்த இரண்டில் எதைச் சொல்ல அதிகம் வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூடநம்பிக்கையை எதிர்த்து வக்கீல் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறையாவது பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆசாமி நான். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. கல்கத்தாப் பக்கம் செய்த பெரிய வண்டி, பம்பாயில் செய்த சின்ன வண்டி, சென்னையில் செய்த இரண்டு கதவு வண்டி, அவ்வளவுதான் தேசம். திண்டுக்கல்லில் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர், பிளசர். ஆங்கிலத்தில் இன்பம் என்று பொருள்படும் சொல் எங்கள் பக்கம் வந்து நான்கு சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தது. லாரி சரக்குக்கு, பஸ் சனத்துக்கு, பிளசர் சொகுசுக்கு. யார் வீட்டு வாசலில் எது நின்றாலும் அது சொகுசு வண்டிதான்.

எனக்கு வண்டி எதற்கு என்றால், எனக்கு வேண்டியதில்லை. கோர்ட் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வண்டி என் மாமனாருக்காக.

அவர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். தன் தோட்டத்துத் தக்காளியையும் அவரையையும் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் வாராவாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர். ஒரு நாள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். வைத்தியர் முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டுப் போட்டார். எலும்பு சேர்ந்துவிட்டது, முழங்கால்தான் மடங்குவதை மறந்துவிட்டது. வலது கால் அன்றிலிருந்து ஒரே நீட்டு. பஸ்ஸில் அந்தக் காலை வைக்க இடமில்லை. லாரியில் ஏற முடியாது. மாட்டு வண்டியில் அத்தனை தூரம் போனால் குலுக்கலில் உயிர் போனது. ஆகவே அவருடைய மூத்த மகன் மார்க்கெட்டுக்குப் போய் வந்து சேதி சொன்னார். மாமனார் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை.

"கூடைக்கு அடியில எம்புட்டு அழுகல்னு கையவிட்டுப் பாத்தியாடா நீ? பாக்காமத்தான வந்து சொல்ற?"

பழனிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "அவரு மலையிலயேதான் இருப்பாரு மாப்ளே. தக்காளி இருக்குமா?" என்றார்.

என் மனைவி விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். "எங்கப்பா ஒட்டன்சத்திரம் போகணும். அதுக்குத்தான் காரு."

தலையாட்டினேன். இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் போக முடியும் என்பதால் அதைத் தள்ளிவிட்டு, பெரிய வண்டியை என் பேரிலும் சின்ன வண்டியை மனைவி பேரிலும் பதிவு செய்தேன். பிறகு படிக்க உட்கார்ந்தேன்.

வாழ்நாளில் ஒரே கார்தான் வாங்கப்போகிறேன், அது இருபது வருஷம் ஓட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டால் எதைத்தான் படிக்காமல் இருக்க முடியும்? வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளின் பழைய இதழ்களை வரவழைத்தேன். நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டு, பதினேழு தலைப்புகள் எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு வண்டிக்கும் மார்க் கொடுத்தேன். குலுக்கல் தாங்கும் வில்லின் வகை, வண்டி திரும்ப வேண்டிய வட்டம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. பனிமலையில் வண்டி எப்படி ஏறும் என்பதற்குக்கூட ஒரு தலைப்பு இருந்தது. திண்டுக்கல் வெயிலில் அதற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

மனைவி மாதம் ஒரு தடவை கேட்பாள்: "எங்கப்பா கால் உள்ள போகுமா?"

அதையும் எழுதிக்கொண்டேன். பதினேழாவது தலைப்பு: இதர விஷயங்கள்.

மூன்றாம் வருஷம், ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டு வண்டியும் தயார், எது வேண்டுமென்று சொல்ல வேண்டும். நோட்டை எடுத்துக் கூட்டினேன். இரண்டும் ஒரே மார்க். மறுபடி கூட்டினேன். நான் எவ்வளவு நேர்மையாக மார்க் போட்டிருக்கிறேன் என்பது தவிர அதில் வேறெதுவும் தெரியவரவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சின்ன வண்டிதான் பிடித்திருந்தது. படித்தவனுடைய வண்டி மாதிரி இருந்தது அது.

"பேசாம பூக்கட்டிப் போட்டுப் பாத்துருவோம்," என்றாள் மனைவி.

மாமனார் ஊர் அம்மன் கோயிலில் இது நடைமுறை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும் இப்படித்தான் முடிவாகும். நான் கோயிலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தேன். சங்கத்து ஆள் யாருமில்லை. உள்ளே போனேன்.

"நெனச்சுக்கிட்டீகளா?" என்றார் பூசாரி.

நெனச்சுக்கிட்டோம் என்றோம், இருவரும் ஒரே குரலில். சாமி கும்பிட வந்திருந்த ஒரு அம்மாள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் போட்டுக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரே விஷயத்துக்காக நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாமனார் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கும்போது வெளிச்சத்துக்கு வந்தது.

"அம்மனே சொல்லிருச்சுப்பா, பெரிய வண்டிதான்," என்றாள் அவள்.

"என்னது? வெள்ளை சின்ன வண்டியில்ல? மதுரையில பாத்தப்ப சின்ன வண்டிதான வெள்ளையா நின்னுச்சு?" என்றேன் நான்.

"வெள்ளப்பூன்னா எடுக்கலாம்னு உத்தரவுங்க. இது எந்த ஊர்லயும் உள்ளதுதான. எனக்கு வேண்டியதத்தான நான் வெள்ளையா நெனப்பேன்?"

"அப்ப எனக்கு வேண்டியத நானு?"

"உங்களுக்கு எதுக்குங்க வேணும்?"

இதற்கு என் பதினேழு தலைப்பிலும் பதில் இல்லை. மறுபடி போய்க் கேட்கலாமா என்றேன். அம்மனிடம் மேல்முறையீடு கிடையாதாம்.

மாமனார் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, அடுப்புக்கு வைத்திருந்த வேப்பங்கம்பு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தன் காலோடு சேர்த்து வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்து, அரிவாளால் தறித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க மாப்ளே. இதுதான் என் காலு. கொண்டுபோயி ரெண்டு வண்டிக்குள்ளயும் வச்சுப் பாருங்க. கதவச் சாத்த முடிஞ்சா வாங்குங்க."

மறுநாள் மாமனாரின் காலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். சின்ன வண்டி விற்ற இடத்தில் மாதிரிக்காக ஒரு வண்டி நிறுத்தியிருந்தார்கள். நான் பின்கதவைத் திறந்து கம்பைச் சீட்டின் மேல் நீளவாக்கில் கிடத்தியதும் விற்பனையாளர் ஓடிவந்தார். டை கட்டிய, மரியாதை தெரிந்த மனிதர். முழுக் கதையையும் கேட்டார்.

"சார், கால் மட்டும் வருதா? ஆளும் கூட வர்றாரா?"

மாமனார் மெலிந்தவரல்ல. கம்பின் ஒரு முனையில் அவருடைய இடுப்பின் கனத்துக்கு ஒன்றரைச் சாண் விட்டு வைத்தேன். கம்பின் மறுமுனை கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூலைக்கு மூலை சாய்த்துப் பார்த்தேன். கதவைச் சாத்த முடியவில்லை. படித்தவனுடைய வண்டி அத்துடன் முடிந்தது.

அடுத்த தெருவில் பெரிய வண்டியில் ஒன்றரைச் சாணும் கம்பும் போக நான்கு விரற்கடை மிச்சமிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. நான் இரண்டு தடவை திறந்து சாத்தினேன். மற்றப் பதினாறு தலைப்புகளும் செய்ய முடியாததை ஒரு விறகுக் கட்டை அரை நிமிஷத்தில் செய்துவிட்டது. கம்பை வழியில் வீச மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

வண்டி வந்த வாரமே ஒட்டன்சத்திரம் போனோம். மாமனார் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, மறு கதவு வரை காலை நீட்டி, பின்சீட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டார். முன்னால் டிரைவர், நடுவில் நான், ஓரத்தில் மனைவி. இருபது வருஷத்துக்கென்று தேர்ந்தெடுத்த வண்டியில் எனக்குக் கிடைத்த இடம் அது. வழியெல்லாம் டிரைவரின் முழங்கை என் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது.

மார்க்கெட்டில் அவர் இறங்கவே இல்லை. கதவைத் திறந்துவைத்ததும் மண்டிக்காரர் ஓடிவந்தார். "ஏனுங்க, மூணு வருசமா ஆளையே காணோமுங்க! கால் எப்படீங்க இருக்குது?" மாமனார் காலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு கூடையை வண்டிக்குப் பக்கத்தில் இறக்கச் சொல்லி, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து முகர்ந்தார். பிறகு இன்னொரு கூடை. ஒரு மணி நேரம் அங்கே யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பானெட்டைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

திரும்பும்போது பேச்செல்லாம் தக்காளி விலையாகவே இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பி, "பிளசர் எப்படி இருக்கு மாமா?" என்றேன்.

மாமனார் தக்காளி வாசனை போகாத கையால் சீட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"குலுக்கல. அது சரிதான். ஆனா காலு நீட்டுறதுன்னா, மாட்டு வண்டியில வைக்கலப் போட்டு நல்லா நீட்டிருவேன் மாப்ளே. அதுக்கு எவனும் மூணு வருசம் படிச்சதில்ல."