தார்ப்பாய்க் கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார்

மண்ணெண்ணெய் வாசம்...

அது கையில ஏறிடுச்சுன்னா சீயக்காய் போட்டுத் தேச்சாலும் போகாது. சோத்தைப் பிசைஞ்சு வாய்கிட்ட கொண்டு போனா முதல்ல மண்ணெண்ணெய், அப்புறந்தான் ரசம். கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்த புதுசுல எனக்கு அப்புடித்தான் பொழுது போச்சு.

எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது இருக்கும். எங்க ஊட்டுக்காரர் ஒரு கார் வெச்சிருந்தார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளமா இருக்கும். ஏற்காட்டுல காபி எஸ்டேட் வெச்சிருந்த வெள்ளைக்காரர் ஊரை உட்டுப் போகும்போது இவர் வாங்கினது. மாட்டுக்கொட்டாய்ல ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் இது.

நான் எங்கப்பா ஊட்டுல டிராக்டர் ஓட்டினவ. சமையக்கட்டை விட அந்தக் கொட்டாய்தான் எனக்குப் பிடிச்சுது. மத்தியானம் எல்லாரும் படுத்ததும் ரெண்டு பேரும் சாக்கு விரிச்சு வண்டி அடியில போயிருவோம். கழட்டின சாமானையெல்லாம் மண்ணெண்ணெய்ல கழுவறது என் வேலை. சேலைய வரிஞ்சு கட்டி, மேல அவரோட பழைய சட்டைய மாட்டிக்குவேன்.

ஸ்பேர் எங்க கெடைக்கும்? எதுவும் கெடைக்காது. எல்லாம் நாங்களே பண்ணினது. கதவுக்குள்ள இருந்த மரச்சட்டம் உளுத்துப் போச்சு... லாரி பாடி கட்டற பட்டறையில வேங்கை மரத்துல அதே வளைவுக்கு இழைச்சு வாங்கினோம். கூரைக்கு லாரித் தார்ப்பாய். அதைத் தைக்கறதுக்குள்ள என் விரல் பூராவும் ஊசிக் குத்து. ரெண்டு கார்புரேட்டர்... ஒரு ரப்பர் டியூபைக் காதுல வெச்சு, ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுதான்னு கேட்டுக் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்பணும். அவரை விட எனக்குத்தான் காது நல்லா கேக்கும். அதுல அவருக்குக் கொஞ்சம் பொறாமை.

எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் லாரி ஓட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவர். அவரை நான் பெரிய மாமான்னு கூப்புடுவேன். அவருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அவர் மக கல்யாணிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த நேரம் அது.

ஒரு நாள் காலையில பெரிய மாமா வாசல்ல ஒரு லாரியைக் கொண்டு வந்து நிறுத்தினார். கூடவே பழைய இரும்பு வாங்கறவரும், கயிறும்.

"டே தம்பி, ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. இந்த ஊட்டு மருமக கார் அடியில கெடக்கறதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? இதை இன்னைக்கே தூக்கிடலாம்."

எங்க ஊட்டுக்காரர் அண்ணன் முன்னாடி நிமிந்து பேசினதே இல்ல. தரையைப் பாத்துட்டு நின்னார். நான்தான் சொன்னேன்.

"இது ஓடற வண்டிங்க, பெரிய மாமா."

"அப்புடியா அம்மிணி? ஓட்டிக் காட்டு பாப்போம்."

உக்காந்தேன். ஸ்டார்ட் ஆச்சு! கொட்டாயை உட்டு வெளிய வந்து, வாசலைத் தாண்டி, கேட்கிட்ட போனதும்... ரெண்டு இருமல் இருமி நின்னு போச்சு. திருப்பித் திருப்பிப் பாத்தேன். அசையல. பெரிய மாமா சிரிச்சார். லாரிக்காரங்களும் சிரிச்சாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு.

"இப்ப கயிறு போடலாமா?"

நான் எறங்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டே சொன்னேன். "நின்னா என்னங்க மாமா? உங்க லாரி நடுரோட்டுல நின்னதே இல்லீங்களா? அன்னைக்கு அதை எடைக்குப் போட்டீங்களா? குடுக்க முடியாதுங்க. கயிறு போடறதுன்னா என்னையும் சேத்துக் கட்டி ஏத்துங்க."

அப்பத்தான் எங்க ஊட்டுக்காரர் வந்து என் பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தார். அண்ணன் முகத்தைப் பாத்தார்.

"குடுக்கறதா இல்லீங்கண்ணா."

அவ்வளவுதான் சொன்னார். கதவை இழுத்துச் சாத்திக்கிட்டார்.

லாரி வெறுமனே திரும்பிப் போச்சு. பெரிய மாமா எங்ககூடப் பேசறதை நிறுத்திட்டார்.

மறுநாள் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு. பாத்தா, காத்து போறதுக்குன்னு மூடியில இருக்கற சின்ன ஓட்டையில குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கு! காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்புடி வெளிய வரும்? ஒரு ஊசிதான்... குத்தி எடுத்தேன். அப்புறம் வண்டி நிக்கவே இல்ல.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாங்க, காரை ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க, காபி குடிச்சாங்க, பொண்ணு பிடிச்சிருக்குன்னுட்டாங்க. கல்யாணத்தன்னைக்கு வாடகைக் காரெல்லாம் வாசல்ல நிக்குது. கல்யாணி பட்டுச்சேலையோட நேரா கொட்டாய்க்கு வந்தா.

"சித்தி, நான் இதுலதான் மண்டபத்துக்கு வருவேன்."

"உங்கப்பா?"

"சொல்லிட்டேனுங்க. வேணும்னா என்னையும் எடைக்குப் போடச் சொல்லுங்க."

தார்ப்பாயை மடக்கி உட்டு வெளிய எடுத்தேன். கேட்டை மறிச்சு லாரி நிக்குது. பெரிய மாமா என்னைப் பாத்தார், மகளைப் பாத்தார். அப்புறம் டிரைவரைப் பாத்து ஒரு சத்தம் போட்டார்: "லாரியை ஓரமா எடுடா!"

நாமக்கல் வரைக்கும் நான் ஓட்ட, கல்யாணி பூவைப் பிடிச்சுட்டுச் சிரிச்சுட்டே வந்தா. பின்னாடி லாரியில சொந்தக்காரங்களோட நின்னுட்டு, டூல் பாக்ஸைக் கட்டிப் பிடிச்சுட்டு எங்க ஊட்டுக்காரர். அவரு காலமாகி வருசமாச்சு. அன்னைக்கு அவர் இருந்த இருப்பு அப்புடியே கண்ணுல நிக்குது...

இப்பவும் வண்டி எங்கிட்டத்தான் இருக்கு. மெட்ராஸ்ல இருந்து விலைக்குக் கேட்டு வராங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கோணுமாம். காபி குடுத்து அனுப்பிச்சுடுவேன்.

என் மகன் போன மாசம் புதுக் கார் வாங்கினான். நல்ல கார்தான், சத்தமே இல்ல. ஆனா பானட்டைத் தூக்கினா உள்ள பூராவும் பிளாஸ்டிக் மூடி. இஞ்சின் எப்புடியிருக்கும்னே தெரியல. ஞாயித்துக்கெழமை அவன் தூங்கறப்ப ஸ்பேனரை எடுத்துட்டுப் போனேன்.

பதறிட்டு ஓடி வந்தான். ஷோரூமுக்கே போன் போட்டுட்டான். அங்க வேலை பாக்கற பையன் ஸ்பீக்கர்ல கெஞ்சறான்: "அம்மா, அதையெல்லாம் தொடாதீங்கம்மா, வாரண்டி போயிடும்!"

"தொட்டாச்சு சாமி."