முதலாளிக்கு வைன் காசு கிடையாது

மாக்கோ ஊரில் முடி வெட்டிவிட்டவளின் கையில் யாரும் காசு கொடுப்பதில்லை. கூலி கல்லாவுக்குப் போகும், முதலாளியம்மாவுக்கு. வெட்டியவளுக்கு உரியது தனி. வந்தவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மடித்த நோட்டாக, அவளுடைய ஏப்ரன் பைக்குள் நேராகப் போய்விடும். வைன் காசு என்று அதற்குப் பேர். அதில் யாரும் வைன் வாங்கிக் குடித்ததாகத் தெரியவில்லை. வாங்குகிறவள் குனிந்து பார்க்கக் கூடாது. எதுக்குங்க இதெல்லாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுக்கிறவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

பிரோஷ்கா முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் வாங்கினாள். கிஸெல்லாவின் கடையில், ஜன்னலோர நாற்காலி அவளுடையது. ரொட்டிக்கடைக்காரியின் கை பைக்குள் நுழைந்தால் அடிவரை போய்விட்டுத்தான் திரும்பும், எதையோ தேடுகிற மாதிரி. தபாலாபீஸ் பெண் இரண்டு விரலால் நோட்டைச் செருகிவிட்டு, திருடியைப் போல ஓடிவிடுவாள். ஓய்வுபெற்ற வில்மா டீச்சர் நோட்டை வைத்த பிறகு பையின் மேல் உள்ளங்கையைப் பதித்து மெல்லத் தட்டுவாள். குழந்தையைத் தூங்கவைக்கிற தட்டு.

இதையெல்லாம் தான் கவனித்துக்கொண்டிருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது.

கணவன் யெனோ ஆஸ்திரியாவுக்குத் தச்சு வேலைக்குப் போனான். முதலில் மாதாமாதம் வந்தான். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தான். அதன்பிறகு அவனுடைய வக்கீல் வந்தார். குழந்தை இல்லை. அம்மா செத்த பிறகு மூன்றாம் மாடி வீட்டில் ஒருத்தியாகவே இருந்தாள். சந்தித்தால் கன்னத்தில் கன்னம் வைக்கிற ஊர்தான். ஆனால் அது உறவுக்கும் சிநேகத்துக்கும். கையெல்லாம் தலைச்சாயத்தோடு நிற்கிறவளை யார் அணைக்கப் போகிறார்கள்?

போன வசந்தத்தில் கிஸெல்லாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவெடுத்தாள்.

"எவளோ ஒருத்திக்கு விக்கிறதுக்கு உனக்கே குடுத்துட்டுப் போறேன். எடுத்துக்கோடி," என்றாள்.

அம்மா விட்டுப்போன வெங்காய நிலத்தை விற்று பிரோஷ்கா கடையை வாங்கினாள். கதவில் பேர் மாறியது. முதல் நாள் பூச்செண்டுகள் வந்தன. கசகசா வைத்த சுருள் ரொட்டி ஒரு தட்டு நிறைய வந்தது. அன்று முதல் தலை வில்மா டீச்சருடையது. சுருட்டி, காயவைத்து, வலைத்தொப்பி கழற்றியாயிற்று. டீச்சர் கோட்டை மாட்டினாள், மணிபர்ஸைத் திறந்தாள், நோட்டை மடித்தாள். கை பாதி வழி வந்து நின்றது.

"ஐயையோ, பழக்கதோஷத்தப் பாரு! முதலாளியம்மாவுக்குப் போயி வைன் காசு வெக்கப் பாத்தேனே!"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இனிமே உன் பாக்கெட்டுல கைய விட்டா என் கைய வெட்டிடுவ."

"வெட்டுறதுக்குக் கூலி தனி, டீச்சரம்மா," என்றாள் அடுத்த நாற்காலியிலிருந்து இபோல்யா. கடையில் கூட வேலை பார்க்கிறவள், நாற்பது வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய் ஓயாதவள்.

டீச்சர் கல்லாவில் கூலியைக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கடைசிக் காசுவரை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். அதுதான் மரியாதை. முதலாளிக்கு வைன் காசு கொடுப்பது அவளைக் கூலிக்காரி என்று சொல்வதற்குச் சமம். போகும்போது நிமிர்ந்து தலையசைத்தாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியருக்கு அசைத்திருப்பாளே, அந்த அசைப்பு.

கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு இடுப்பின் வலப்பக்கம் ஏதோ குறைகிற மாதிரிப் பட்டது. பை காலியாக இருப்பதால் என்று நினைத்து கடைச் சாவிக்கொத்தை அதில் போட்டுப் பார்த்தாள். கனம் வந்தது. குறை போகவில்லை.

ஒரு நாள் யாருக்கோ தலை அலசிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் அந்தப் பெண் கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கியே போய்விட்டாள். கண்ணாடியில் பின்னால் இபோல்யாவின் ஏப்ரன் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரியின் கை அதன் பைக்குள் அடிவரை போய்த் திரும்பியது. பிரோஷ்காவின் விரல்கள் நுரைக்குள் அப்படியே நின்றன. காலையிலிருந்து தன் கை யாராவது ஒருத்தியின் தலையில்தான் இருக்கிறது. தன் மேல் ஒரு கை பட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். கடை வாங்கியதிலிருந்து என்று பதில் வந்தது.

"என்னக்கா, என் பாக்கெட்டயே பாக்குறீங்க? பங்கு வேணுமா?"

"போடி. தண்ணி சுடுதான்னு பாத்தேன்."

"தண்ணி உங்க கிட்டல்ல இருக்கு?"

இலையுதிர்காலம் வந்தது. ஊர் முழுக்க வெங்காயச் சடை பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். மழை பெய்த ஒரு முற்பகல் கடையில் வில்மா டீச்சர் மட்டும் இருந்தாள். இபோல்யா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். கேட்டுவிடுவதென்று பிரோஷ்கா தீர்மானித்தாள். கோட்டைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"டீச்சரம்மா, பழைய மாதிரி என் பாக்கெட்டுலயே வெச்சிடுங்களேன்."

"எத?"

"வைன் காசத்தான். சும்மா... எவ்வளவு வேணாலும். ஒண்ணுமே இல்லன்னாக்கூடப் பரவால்ல."

டீச்சர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு கடன், கண்ணு?"

"கடனா? கடனெல்லாம் இல்ல, டீச்சரம்மா."

"இல்லன்னுதான் சொல்லுவாங்க. என் தங்கச்சி வீட்டுக்காரன் கோழிப்பண்ண வெச்சானே, ஜப்திக்கு ஆள் வந்து நிக்கிற வரைக்கும் அவனும் இதத்தான் சொன்னான்."

"சத்தியமா இல்ல."

"சரி சரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நோட்டைப் பைக்குள் வைக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே பலகையில், சீப்புக்கு அடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள். வழக்கமாக வைப்பதைவிடப் பெரிய நோட்டு.

வார முடிவுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தபாலாபீஸ் பெண் முட்டை கொண்டுவந்தாள். ரொட்டிக்கடைக்காரி பிளம் பழ ஜாமும் ஒரு வெங்காயச் சடையும் கொண்டுவந்து கல்லாவின் ஓரத்தில் வைத்துவிட்டு, "வீட்டுல மிச்சமா கெடந்துச்சு," என்றாள். நரை தெரிவதற்கு முன்பே சாயம் போட வந்தார்கள். மீதிச் சில்லறையை யாரும் கேட்கவில்லை. எல்லாம் மேஜையில், பலகையில், ஜன்னல் திண்டில். அவளுக்குப் பக்கத்தில் வந்தவர்கள்கூட வியாதிக்காரியிடம் பேசுவதுபோல ஓரடி தள்ளி நின்றே பேசினார்கள். கல்லா நிறைந்தது.

இபோல்யாவுக்குக் கோபம்.

"கடை மூழ்குதாமே? ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கேன், நான் வேற எடம் பாக்க வேணாமா?"

"மூழ்கலடி. நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் எதுக்கு டீச்சரம்மாகிட்டக் காசு கேட்டீங்களாம்?"

சொல்லியிருக்கலாம். காசு இல்லடி, கை, என்று. சொன்னால் இபோல்யா நல்லவள், உடனே எழுந்து வந்து கட்டிக்கொள்வாள். நாளைக்கும் நினைவாகக் கட்டிக்கொள்வாள். ஒரு வாரம் கழித்து மறந்துவிட்டு, ஞாபகம் வந்ததும் வருத்தப்படுவாள். பிரோஷ்கா வேறொன்று சொன்னாள்.

"கடைய நீ எடுத்துக்கோ. நான் உன்கிட்ட வேல பாக்குறேன்."

இபோல்யா இருமல் வரும்வரை சிரித்தாள்.

"எதுக்கு? வரி கட்டுறதுக்கா? உங்க பாக்கெட் ரொம்புறதுக்கு என் பாக்கெட்டத் தெச்சு மூடணுமா? நல்லாருக்கே நியாயம்! முதலாளியா நீங்களே இருங்க தாயே."

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அடுத்த திங்களன்று பிரோஷ்கா பக்கத்து நகரமான செகெட்டுக்கு பஸ் ஏறினாள். அங்கே சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில் வாரத்தில் ஒரு நாளைக்கு ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்ததை முன்பே பார்த்து வைத்திருந்தாள். கடைக்காரன் லெவென்தே தாடி வைத்த இளைஞன்.

"இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்க?"

"மாக்கோல. ஒரு அம்மாகிட்ட."

"ஏன் விட்டுட்டீங்க?"

"அந்தம்மா மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஒரு கறுப்பு ஏப்ரனை எடுத்துக் கொடுத்தான். பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

முதலில் வந்த மாணவி கார்டில் தேய்த்துவிட்டு, போனைப் பார்த்தபடியே போய்விட்டாள். இரண்டாவதாக வந்தவள் சந்தையில் மீன் விற்கிறவள். தோள் அகலமானவள், உரத்த குரல். நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்தாள்.

"புதுசா?"

"ஆமாங்க."

"இந்த வயசுலயா? வீட்டுக்காரரு போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"அதான பாத்தேன். எங்க மார்க்கெட்டுலயும் இப்படித்தான் வந்து நிக்கிறாளுங்க. அவன் இருந்தவரைக்கும் ஒரு மீனத் தொட்டிருக்க மாட்டா. அப்புறம் செதில் உரிக்கக் கத்துக்குவா."

பிரோஷ்காவின் கத்தரிக்கோல் காதோரம் ஒருமுறை வழுக்கியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதில்லை. மீன்காரி கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் ஏத்த எறக்கமா இருக்கு. பரவால்ல, மீனு பாக்கவா போவுது? பயப்படாத. போகப் போகப் பழகிடும்."

எழுந்தாள். கூலியை லெவென்தேயிடம் கொடுத்தாள். திரும்பி வந்து, பேச்சை நிறுத்தாமலே, பிரோஷ்காவின் பைக்குள் கையை விட்டாள். கனத்த கை. ஐஸில் கிடந்து மரத்துப்போன கை, துணி வழியாகவும் குளிர்ந்தது. நோட்டை விட்டது, வெளியே வந்தது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். மீன்காரி சந்தைக்கு ஏதோ லாரி வருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து போனாள். பிரோஷ்கா அசையாமல் நின்றாள். நகர்ந்தால் அந்தக் குளிர் போய்விடும் என்பதுபோல.

"அடுத்த திங்களும் வருவீங்களா?" என்று லெவென்தே கேட்டான். சம்பளம் என்ன என்று அவள் இதுவரை கேட்காதது அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"வருவேன்."

மறுவாரம் வில்மா டீச்சர் சுருட்ட வந்தாள். துண்டைக் கழுத்தில் சுற்றும்போதே தணிந்த குரலில் கேட்டாள்.

"உன்ன செகெட் பஸ்ல பாத்தாங்களாம். பேங்குக்கா?"

பிரோஷ்கா ஈரமுடியைச் சீப்பால் வகிர்ந்தாள். இபோல்யா தன் ட்ரையரை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆமா, டீச்சரம்மா. பேங்குக்குத்தான்."

"தவணையா?"

"தவணைதான்."

"திங்களுக்குத் திங்க போகணுமா?"

"திங்களுக்குத் திங்க."

"அடக் கடவுளே," என்றாள் டீச்சர். மடியிலிருந்த பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பெரிய பன்றிக் கொழுப்புத் துண்டை எடுத்து, கையை நீட்டி, பலகையில் வைத்தாள். பிரோஷ்கா நன்றி சொன்னாள். பிறகு முதல் சுருளை எடுத்து நெற்றிக்கு மேலே சுற்ற ஆரம்பித்தாள்.