அப்பாவுக்கும் திக்கும்

மகளுக்கு மூன்றரை வயதில் திக்கத் தொடங்கியது. "அ-அ-அம்மா" என்று ஆரம்பிப்பாள். சில நேரம் வாய் திறந்தபடியே நிற்கும், சத்தம் வராது. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் அப்படித்தான். நான் வேலை செய்யும் துணிக்கடையில் போன் அடித்தால் இன்றும் பக்கத்தில் இருப்பவரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சிங்கள முன்பள்ளிக்கு அனுப்பியதில் நாக்கு குழம்பிவிட்டது என்றார் கணவர். என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டாள் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. என் திக்கலுக்குக் காரணம் அம்மாதான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்க எப்போதோ முடிவாகியிருந்தது. நான் சின்னவளாக இருந்தபோது சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேனாம். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாராம். அந்தப் பயத்தில் பேச்சு கட்டிக்கொண்டதாம். அப்பாவின் அக்கா இதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்காட்டுவார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அந்த அறைக்குப் பிறகு அவர் எங்கள் யாரையும் அடித்ததில்லை.

டயகமவிலிருந்து பஸ் பிடித்து மகளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவள் தாத்தாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள் என்பதால் அப்பாவும் வந்தார், அம்மாவும் வந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசினார். திக்கல் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சியும் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லி, எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கலாமா என்று கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்குத் திக்கும்?"

"எ-எனக்கு மட்டும்தான் மிஸ்."

"எ... எனக்கும்" என்றார் அப்பா.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அப்பா திக்கி நான் கேட்டதே இல்லை. அதிகம் பேசாத மனுஷன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தேயிலை ஃபெக்டரியில் இலை அரைக்கும் பகுதியில் வேலை. அந்த இரைச்சலில் யாருக்கும் கைஜாடைதான்.

"க... கடைன்னு வராது மிஸ். டவுனுன்னு சொல்லிருவேன். வராத வார்த்தை வந்தா இருமுவேன்." பிறகு என்னைக் காட்டினார். "இதுக்கு 'ம'வுல பேரு வச்சதும் அதுக்குத்தான். எனக்கு 'ம' வரும்."

எனக்கு வேறெந்த எழுத்தையும்விட அதிகம் மாட்டிக்கொள்வது அந்த 'ம'தான்.

மிஸ் நிதானமாகச் சொன்னார். "இது பயத்துல வாரது இல்ல. ரெண்டு மொழி பேசுறதுலயும் வாரது இல்ல. பேசுறதுக்கு மூளை வேலை செய்ற விதம் கொஞ்சம் வித்தியாசம். நிறையப் பேருக்கு பரம்பரையா வருது. எப்படி வருதுன்னு முழுசா இன்னும் தெரியாது, அதத்தான் தேடுறாங்க. பயந்தா, அவசரப்பட்டா கூடும். ஆனா அது காரணம் இல்ல."

"அடிச்சதாலயும் இல்லையா?" என்றார் அம்மா.

"இல்ல அம்மா."

அம்மா மறுபடியும் அதையே கேட்டார். மிஸ் மறுபடியும் அதே பதிலைச் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் கேட்டார்.

"ஒங்க அக்கா என்னையப் பேசுனப்பல்லாம் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இ-இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொ..." அப்பாவுக்கு வரவில்லை. திக்குபவர்களின் வார்த்தையை நாம் முடித்துவைக்கக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். காத்திருந்தோம். "சொன்னா எனக்கும் திக்கும்னு தெரிஞ்சிரும்."

"இப்பத்தான் தெரிஞ்சிருச்சே. அவங்ககிட்ட நீங்களே போய் சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அத்தை வீட்டுக்குப் போனார்கள். நடந்ததைப் பிறகு அம்மாதான் சொன்னார். அப்பா ஒவ்வொரு வார்த்தையிலும் மாட்டிக்கொள்ள, அத்தை முந்திக்கொண்டு முடித்துக்கொண்டே இருந்தாராம். "இரு அக்கா, நா-நான் சொல்றேன்" என்று அப்பா தடுத்தாராம். முழுவதையும் கேட்டுவிட்டு அத்தை, "நம்ம அப்பாரும் இப்படித்தான் மாட்டிக்குவாரு. ஒனக்கு ஞாபகம் இருக்காது" என்றாராம்.

அம்மாவிடம் அத்தை மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது கறிக்கென்று ஒரு பை நிறைய லீக்ஸ் கொடுத்தனுப்பினார். அம்மா வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தன் அப்பாவுக்கும் திக்கும் என்ற செய்தியை அப்பாவே மிஸ்ஸிடம் சொன்னார். இந்த வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும், பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம், ஆனால் யாருக்கு நிற்கும், யாருக்குத் தொடரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மிஸ்.

மகள் சில வாரம் தடையில்லாமல் பேசுகிறாள். சில வாரம் ஒவ்வொரு வார்த்தையிலும் நிற்கிறாள். அப்பா முன்பைவிட அதிகம் திக்குகிறார். வார்த்தையை மாற்றிப் போடுவதை விட்டுவிட்டார், பேசுவதும் கூடிவிட்டது. மனுஷன் இவ்வளவு பேசுவாரென்று தெரியாமல் போய்விட்டதே என்கிறார் அம்மா.