உள்ளே நிற்கிற ஜாகா

"போய்ட்டு வா மச்சான்" என்று ஒரு கையை வழியனுப்பிவிட்டு, அடுத்த கையிலிருந்து ரப்பரை உருவுகிறாள் தினேஸ்வரி. செமோர் கையுறைத் தொழிற்சாலையில், ரப்பர் பாலில் முங்கி எழுந்த பீங்கான் அச்சுக் கைகள் விரல்களைக் கீழே தொங்கவிட்டபடி, வரிசை பிசகாமல் அவளைத் தேடி வருகின்றன. உடம்பே இல்லாத இவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை, உடம்புள்ள சூப்பர்வைசருக்குக் கிடைப்பதில்லை.

போன வருடம் அவள் கையும் பீங்கானாகத்தான் இருந்தது. விடிந்தால் விரல் மடங்காது. பல் துலக்கவே பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். முடக்குவாதம் என்றார் ஈப்போ டாக்டர் அபிராமி. ரத்தத்தில் ரோந்து சுற்றும் ஆன்டிபாடிதான் உடம்புக்கு ஜாகா, அதாவது காவலாளி. அதன் தண்டில் சின்னதாக ஒரு சர்க்கரைச் சங்கிலி. அதன் நுனிச் சர்க்கரை குறைந்தால் ஜாகாவுக்கு மூர்க்கம் ஏறும். வீட்டு ஆளையே மூட்டு மூட்டாக அடிப்பான்.

மாமியார் காளியம்மா அன்றே தேத்தண்ணியில் சீனியைக் கொட்டினார். "தின்னுற சீனி அங்க போவாதாம் அத்தே" என்றாள் தினேஸ்வரி.

இப்போது தினேஸ்வரிக்கு ஏழாம் மாதம். வலியைக் காணோம். காளியம்மா முனியாண்டிக்குச் சேவலும் சுருட்டும் கொடுத்து நன்றி சொல்லிவிட்டார். டாக்டரோ, பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை நுனிச் சர்க்கரை கூடும், நோய் தணிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். பெற்றபின் சர்க்கரை இறங்கும், பலருக்கு நோய் திரும்பும் என்றும் சொன்னார். முனியாண்டி அந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அப்ப வருசத்துக்கு ஒன்னு பெத்துக்க லா, மருந்து மிச்சம்" என்றாள் பக்கத்தில் நின்று உருவும் வீரம்மா.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. "அந்த ஜாகாவுங்க போவலக்கா. உள்ளதான் நிக்கிறானுங்க. சிரிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க."

வீரம்மாவுக்கு அன்றைக்கு நாசி லெமாக் சோறு இறங்கவில்லை.

சிலிபினில் இருக்கும் தன் வீட்டில், தினேஸ்வரி பிறக்கப்போகும் பிள்ளையின் சட்டைகளிலிருந்து பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்டி எறிகிறாள். அந்த இடத்தில், இழுத்தால் கர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டையைத் தைக்கிறாள்.

"நல்ல பட்டன ஏன்டி புடுங்குற? கைதான் சரியாயிருச்சே" என்கிறார் காளியம்மா.

தினேஸ்வரி தலையணை ஒன்றுக்குச் சட்டையைப் போட்டு மடியில் கிடத்துகிறாள். நன்றாக மடங்குகிற பத்து விரல்களையும் கட்டைபோல் விறைக்க வைத்துக்கொண்டு, மணிக்கட்டுகளால் மட்டும் அந்தப் பட்டையைப் பிரிக்கிறாள். கர்ர். மறுபடியும் ஒட்டுகிறாள்.