செம்மறிக் கிடாவுக்கு மெத்தட் ஸ்டேட்மென்ட்

தோஹாவில் நான் வேலை பார்த்தது ஒரு துருக்கிக்காரக் கட்டுமானக் கம்பெனியில். டாக்குமென்ட் கண்ட்ரோலர் என்று பதவி. சைட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எப்படி அடிக்கப் போகிறோம், யார் அடிப்பார், விரலில் பட்டால் என்ன செய்வோம் என்று ஒரு பேப்பர் எழுதி, கட்டட முதலாளியின் சார்பில் உட்கார்ந்திருக்கும் கன்சல்டன்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மெத்தட் ஸ்டேட்மென்ட் என்று பெயர். அவர்கள் சரி என்று எழுதினால்தான் சுத்தியலைத் தூக்கலாம். அந்தப் பேப்பர்களை அனுப்பி, வாங்கி, நம்பர் போட்டு அடுக்குவது என் வேலை. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அப்போது பள்ளம் மட்டும்தான் தோண்டியிருந்தோம். பேப்பர் அதற்குள் நாலாவது மாடி உயரத்துக்கு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் என் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். முதல் பிள்ளை பிறந்தபோது நான் சவூதியில், ஜுபைலில் இருந்தேன். மகளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு பல் முளைத்திருந்தது. என் விரலை ஒரு கடி கடித்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, விரல் வலியால் அல்ல. இந்த முறை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் தங்கை கல்யாணத்துக்கென்று அந்த வருஷத்து லீவை ஏற்கனவே எடுத்து முடித்திருந்தேன். பிறக்கப்போகும் பிள்ளையே அந்த லீவின் பலன்தான்.

வேறு வழியில்லாமல் பிராஜெக்ட் மேனேஜரிடம் போய் நின்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய துருக்கிக்காரர். ரஷ்யாவில் பனிக்குள்ளும் லிபியாவில் மணலுக்குள்ளும் கட்டடம் எழுப்பிவிட்டு இங்கே வந்தவர். ஆங்கிலத்தில் அவருக்கு முந்நூறு வார்த்தைதான் தெரியும், அதில் பாதி கம்பி, சிமெண்ட் சம்பந்தப்பட்டது. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாசில் எனக்கும் ஒரு டீ வரவழைத்தார். “ஃபர்ஸ்ட் கான்கிரீட். நெக்ஸ்ட் டே, யூ பிளைட். தமாம்?” என்றார். தமாம் என்றால் சரி. பிரசவத்துக்கு நாற்பது நாள் இருந்தது, முதல் கான்கிரீட்டுக்குப் பன்னிரண்டு நாள். எனக்கு அந்த டீ அன்றைக்கு அமிர்தமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பிக்கப் வண்டியில் செம்மறிக் கிடா வந்து இறங்கியது. அஸ்திவாரத்தில் முதல் கான்கிரீட் விழும் முன் ஒரு கிடாயை அறுத்து, கறியை எல்லோருக்கும் பங்கிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். லிபியாவில் ஒரு தடவை அறுக்காமல் ஆரம்பித்தார்களாம், கிரேன் சாய்ந்துவிட்டதாம். “நோ குர்பான், நோ கான்கிரீட்” என்றார் மேனேஜர். அவருக்குப் பின்னால் துருக்கித் தச்சர்கள் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் காதும் காதும் வைத்தாற்போல முடிந்திருக்கும். எங்கள் பிளானிங் என்ஜினியர் ஒரு ஒழுங்குப் பைத்தியம். தச்சர்களுக்கு அரைநாள் ஒதுக்க வேண்டுமே என்று வேலை அட்டவணையில் ‘செம்மறி ஆடு, அரை நாள்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அது முடிந்தால்தான் கான்கிரீட் என்று அம்புக்குறியும் போட்டு, கன்சல்டன்ட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பியவன் நான்தான். முத்திரை குத்தியதும் நான்தான்.

கன்சல்டன்ட் ஆபீசில் பாதுகாப்பு அதிகாரியாக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான். மறுநாளே கடிதம் வந்தது. அட்டவணையில் ஆடு என்று ஒரு பணி காணப்படுகிறது, அதற்கான மெத்தட் ஸ்டேட்மென்ட் எங்கே, அது ஒப்புதல் பெறும்வரை அடுத்த பணியைத் தொடங்கக் கூடாது. மேனேஜர் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார். “யூ ரைட்” என்றார்.

ஆட்டைப் பற்றி நான் என்ன எழுதுவேன்? ஆனால் எனக்கு அவசரம். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலையையே நானும் செய்தேன். ஒப்புதல் கிடைத்த பழைய பேப்பர் ஒன்றை எடுத்தேன். டவர் கிரேன் நிறுத்துவதற்கானது, முப்பத்தெட்டுப் பக்கம். கம்ப்யூட்டரில் கிரேன் என்று வருகிற இடத்தையெல்லாம் ஒரே தட்டில் ஆடு என்று மாற்றினேன். முதல் பக்கத்தை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும், நான் என் விரலால் கெட்டேன்.

எட்டாம் நாள் பேப்பர் திரும்பி வந்தது. அந்த மனிதர் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்திருந்தார். ஆட்டின் சுமைதாங்கும் திறன் குறித்த மூன்றாம் தரப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. ஆட்டை இயக்குபவரின் உரிமம் காலாவதியாகிவிட்டது. காற்று பலமாக வீசினால் ஆட்டைச் சுதந்திரமாகச் சுழலவிட வேண்டும் என்று பக்கம் இருபத்தொன்றில் உள்ளது, அதற்குப் போதிய இடம் இருப்பதாக வரைபடத்தில் காட்டவில்லை. ஆட்டின் உச்சியில் விமானங்களுக்கான சிவப்பு விளக்கு எப்போது பொருத்தப்படும்? இதையெல்லாம் அவர் கேலிக்குத்தான் எழுதினாரா, நிஜமாகவே எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் அச்சடித்தாற்போல இருந்தது.

அதுவரை ஆடு எங்கே நிற்கும்? சைட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் ஸ்டோரில்தான் இருக்க வேண்டும். ஸ்டோர்கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். சிமெண்ட் மூட்டைக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவில் அதைக் கட்டிப்போட்டு, கேம்ப் மெஸ்ஸில் மிஞ்சுகிற குப்பூஸ் ரொட்டியைப் போட்டு வளர்த்தார். ஒரு வாரத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“தம்பி, இதை ஸ்டொக்கிலை ஏத்துறதோ விடுறதோ? உருப்படி ஒண்டெண்டு போட்டால், நிறை எவ்வளவெண்டு கேக்குது பேப்பர். நேற்றுப் போட்ட நிறை இண்டைக்கு இல்லை. தின்னத் தின்ன ஏறுது.”

“ஏத்திருங்கண்ணே. நம்ம தலையெழுத்து.”

“உமக்கென்ன, நீர் ஊருக்குப் போயிருவீர். கணக்குப் பாக்க ஓடிட் வந்தால் நான்தானே நிக்கவேணும்” என்றார்.

அவர் சொன்னது பலிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு இரண்டாவது பேப்பரை எழுதினேன். இந்த முறை சொந்தமாக, நாலே பக்கம். கால்நடை மருத்துவரிடம் ஆட்டைக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கினோம். பரிசோதித்த சாதனங்களுக்கு அந்த மாதம் பச்சை ஸ்டிக்கர், ஆகவே ஆட்டின் கழுத்திலும் ஒரு பச்சை ஸ்டிக்கரைக் கட்டித் தொங்கவிட்டோம். வெயிலில் நிற்கக் கூடாது என்று அதிகாரி சொன்னதால் அதற்கு ஒரு நிழல்கூரை போட்டார்கள். போட்ட தச்சர்கள் வெயிலில்தான் நின்றார்கள். மேனேஜர் தினமும் காலையில் வந்து அதன் காதைத் தடவி, தண்ணீர் வைத்தார்களா என்று விசாரித்துவிட்டுப் போவார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் இந்த ஓநாய் உண்மையிலேயே வருத்தப்பட்டது.

இதற்கும் பதில் வந்தது. முந்தைய பேப்பரில் சிவப்பு விளக்கு தேவை என்று கூறியிருந்தீர்கள், இப்போது தேவையில்லை என்கிறீர்கள், இந்த மாற்றத்துக்கான காரணத்தை விளக்கவும். நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரசவத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை மனைவிக்குப் போன் போட்டேன். எத்தனை நாளைக்குத்தான் மறைப்பது.

“என்ன சொல்லுதிய? ஆடா?”

“ஆமா. ஆட்டுக்கு அப்ரூவல் வந்தாத்தான் கான்கிரீட். கான்கிரீட் போட்டாத்தான் லீவு.”

“நம்ம கோயில்லயுந்தான் கிடா வெட்டி ஊருக்கே அசனம் போடுதோம். அதுக்கு எவன் பேப்பர் கேட்டான்?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. துருக்கிக்காரர்களின் மூடநம்பிக்கை என்று இத்தனை நாளும் கேம்ப்பில் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன் நான். “இந்த மட்டமாவது வருவியளா?” என்று கேட்டாள். வருவேன் என்றேன். முதல் தடவையும் அதையேதான் சொன்னேன் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது பேப்பரில் ஒரு பொய் எழுதினேன். ஆட்டின் உயரம் குறைக்கப்பட்டுவிட்டதால் விளக்கு தேவையில்லை என்று. அது உடனே அவருக்குப் பிடித்துப்போயிற்று. பத்து நாள் கழித்து ஒப்புதல் வந்தது, ஒரே ஒரு நிபந்தனையுடன்: சைட்டுக்குள் அறுக்கக் கூடாது, நகராட்சியின் அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். தச்சர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் கிடாயைப் பள்ளத்தைச் சுற்றி ஒரு தடவை நடத்திக் கூட்டிவந்து, ஃபோர்மேன் ஒரு துவா ஓதி, அறுப்புக்கூடத்துக்கு அனுப்புவது என்று சமாதானமானார்கள்.

அந்த நாள் பிரசவத் தேதிக்கு மூன்று நாள் முன்னால். பேக்கிங் எல்லாம் முடித்துவிட்டேன். கிடா பச்சை ஸ்டிக்கரும், அளவில் பெரிதான ஆரஞ்சு ஜாக்கெட்டுமாகப் பள்ளத்தைச் சுற்றி நடந்தது. அந்த சைட்டில் எல்லாப் பேப்பரும் சரியாக வைத்திருந்த ஒரே ஜீவன் அதுதான். கேட்டை விட்டு வெளியே போக ஸ்டோரிலிருந்து கேட் பாஸ் வேண்டும். யாழ்ப்பாணத்து அண்ணன் பேனாவோடு யோசித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இதிலை ரெண்டு கட்டம் கிடக்கு. திரும்பி வரும், திரும்பி வராது. எதிலை சரி போட?”

“வராதுண்ணே.”

“இறைச்சியா வருமெல்லோ.”

வண்டி காத்துக்கொண்டிருந்தது. மிக்சர் லாரிகள் வரிசையில் நின்றன. எனக்குப் பொறுமை போய்விட்டது, இரண்டு கட்டத்திலும் நானே சரி போட்டேன். அவர் கிடாயின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

மதியம் பன்னிரண்டரைக்கு முதல் கான்கிரீட் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என் சட்டைப் பையில் போன் அடித்தது, மாமனார். மகன் பிறந்திருக்கிறான், காலை பத்து மணிக்கே, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். அப்போது தோஹாவில் ஏழரை மணி, நான் கிடாய்க்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். என்னைத் தூக்கி நிறுத்தி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கான்கிரீட்டை மறந்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, “யுவர் சன், ஒன் குர்பான். ஐ பை. யூ ரைட் பேப்பர். ஆஃப்டர், பிளைட்” என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. தமிழில்தான் கத்தினேன். “எனக்கு ஆடு வேண்டாம்யா. ஒரு மயிரும் வேண்டாம். முதப் பிள்ளையும் நான் பாக்கல, இதையும் பாக்கல. நான் போணும். என்னய விடு.” சொல்லும்போதே அழுதுவிட்டேன். இருபது தச்சர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் கையைத் தோளிலிருந்து எடுத்தார், என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார், ஆபீசுக்கு நடந்தார். லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டு நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“குர்பான், யுவர் வில்லேஜ். தேர் நோ கன்சல்டன்ட்” என்றார்.

எனக்கு விசா கொடுத்த கஃபீலின் கையெழுத்தும் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியும் கிடைக்க மேலும் இரண்டு நாள் ஆனது. கிடாய்க்குப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆட்டுக்கு எல்லாப் பேப்பரும் சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு.”

தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பிறப்புப் பதிவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி.

“எங்கப்பா, நான் போடுதேன்னு சொன்னாவ. நான் குடுக்கல. ஒரு பேப்பராவது ஒங்களுக்காவ காத்துக் கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

ஒரே பக்கம்தான். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.